லிங்கனின் கட்சி எங்கே போயிற்று? அமெரிக்கக் கட்சிகளின் இடமாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் இரண்டு செய்திகள் உயிர் பெற்றுவிடும். ஒன்று: "அடிமை முறையை ஒழித்தது குடியரசுக் கட்சி, காப்பாற்றப் பார்த்தது ஜனநாயகக் கட்சி." இன்னொன்று: "1964-இல் இரண்டு கட்சிகளும் கொள்கையை மாற்றிக்கொண்டுவிட்டன." முதலாவது உண்மை, ஆனால் கதையின் முதல் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறது. இரண்டாவது, அறுபது எழுபது ஆண்டுச் சமாச்சாரத்தை ஒரே வரியில் அடைத்த அவசரக் குடுக்கை. இரண்டையும் அனுப்பியவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவ்வப்போது எழுதிய பதில்களைச் சேர்த்து இங்கே தருகிறேன்.

அடிமை முறையை ஆதரித்தது உண்மையிலேயே ஜனநாயகக் கட்சிதானா?

ஆம். மழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. 1828-இல் ஆண்ட்ரூ ஜாக்சனை அதிபராக்கிய கூட்டத்திலிருந்து வளர்ந்த கட்சி அது. ஜாக்சனே அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்தியவர். 1854-இல் வந்த கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம், அந்தப் புதிய பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறியவர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றது. அதை எதிர்த்துத் திரண்டவர்கள் அதே ஆண்டில் தொடங்கியதுதான் குடியரசுக் கட்சி. ஆறே ஆண்டுகளில், 1860-இல், லிங்கன் அதிபரானார். அவர் பெற்ற வாக்கு 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அப்போது வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சிட்டுக் கொடுத்தன. தென் மாநிலங்கள் பலவற்றில் லிங்கனின் பெயரில் சீட்டு கொடுக்க ஆளே இல்லை.

தென் மாநிலங்கள் பிரிந்து போக, மூண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு அரசியல் சாசனத்தின் 13, 14, 15-ஆம் திருத்தங்கள் அடிமை முறையை ஒழித்து, குடியுரிமையும் வாக்குரிமையும் கொடுத்தன. 1870-இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்குப் போனார். அந்த அவையில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். கட்சி, சொல்லவே வேண்டாம், குடியரசுக் கட்சி.

ஆனால் முதல் செய்தியை அனுப்புகிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. 1876 தேர்தல் இழுபறியாகி, அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கில் 185-க்கு 184 என்று ஒற்றை வாக்கில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் அதிபரானார். அதையொட்டி 1877-இல் தெற்கில் காவலுக்கு நின்ற மத்திய அரசுப் படை விலக்கப்பட்டது. பிறகு வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, அடிதடி, கொலை என்று எல்லா வழியிலும் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. பறித்தது தெற்கின் ஜனநாயகக் கட்சி. லிங்கனின் கட்சி 1890-இல் ஒரு தேர்தல் பாதுகாப்பு மசோதாவைக் கொண்டுவந்து பார்த்தது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய அது செனட்டில் முடங்கியது. அதன்பின் அந்தக் கட்சிக்கு வேறு வேலைகள் வந்துவிட்டன: ரயில்வே, எஃகு, இறக்குமதி வரி.

லிங்கனின் கட்சியைக் கறுப்பின மக்கள் ஏன் கைவிட்டார்கள்? எப்போது?

1964-க்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. சிகாகோவின் தென்பகுதித் தொகுதி ஒன்றைப் பார்த்தாலே போதும். 1928-இல் அங்கிருந்து ஆஸ்கர் டி பிரீஸ்ட் தேர்வானார். அந்தக் காலத்தில் நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர், குடியரசுக் கட்சிக்காரர். 1934-இல் அவரைத் தோற்கடித்தவர் ஆர்தர் மிட்செல். அவரும் கறுப்பினத்தவர், ஆனால் ஜனநாயகக் கட்சி. கறுப்பினத்தவர் ஒருவர் அந்தக் கட்சியின் பெயரில் நாடாளுமன்றத்துக்குப் போனது அதுதான் முதல்முறை. மிட்செலே முன்பு குடியரசுக் கட்சியில் இருந்தவர்தான்.

நடுவில் நடந்தது பொருளாதாரப் பெருமந்தம். 1933-இல் பதவிக்கு வந்த ஜனநாயகக் கட்சி அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேலையும் நிவாரணமும் கொடுத்தார். 1936-இல் மெய்ன், வெர்மான்ட் இரண்டைத் தவிர எல்லா மாநிலங்களையும் அள்ளினார். கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் வந்தார்கள். ரூஸ்வெல்ட் அவர்களுக்குப் பெரிதாக எதையும் செய்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. 1935-இன் ஓய்வூதியச் சட்டத்தில் பண்ணைத் தொழிலாளருக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இடமில்லை. தெற்கில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். கும்பல் படுகொலைகளைத் தடுக்கும் மசோதாவுக்கும் அவர் முழுமூச்சாக நிற்கவில்லை. தெற்கத்திய செனட்டர்களைப் பகைத்துக்கொண்டால் தன் மற்றச் சட்டங்கள் நிறைவேறாது என்ற கணக்கு. ஆனாலும் பசித்த நேரத்தில் சம்பளம் கொடுத்த அரசு எந்தக் கட்சியுடையது என்பதை மக்கள் மறக்கவில்லை.

1948-இல் அதே கட்சியின் அதிபர் ட்ரூமன் ராணுவத்தில் இனப் பிரிவினையை ஆணையிட்டு நீக்கினார். பிறகு 1960 அக்டோபர். அட்லாண்டாவில் கைதான மார்ட்டின் லூதர் கிங் தொலைவிலுள்ள மாநிலச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். கர்ப்பமாக இருந்த அவர் மனைவி கொரெட்டாவுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கென்னடி. அவர் தம்பி ராபர்ட் நீதிபதியிடம் பேசினார். எதிர் வேட்பாளர் நிக்சன் வாயைத் திறக்கவில்லை. கிங் விடுதலையானதும், அதுவரை நிக்சனுக்கு வாக்களிப்பதாக இருந்த கிங்கின் தந்தை, தன் வாக்கு இனி கென்னடிக்கே என்று அறிவித்தார். இத்தனைக்குப் பிறகும் நிக்சனுக்குக் கறுப்பின வாக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். நான்கே ஆண்டுகளில் குடியரசுக் கட்சியின் அந்தப் பங்கு 6 சதவீதமாகச் சரிந்தது.

1964 சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது எந்தக் கட்சி?

வாட்ஸ்அப் சண்டைகளில் அதிகம் அடிபடும் கேள்வி. பொது இடங்களிலும் வேலையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டம் அது. செனட்டில் 73-க்கு 27 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியில் ஆதரவு 46, எதிர்ப்பு 21. குடியரசுக் கட்சியில் ஆதரவு 27, எதிர்ப்பு 6. விகிதம் பார்த்தால் குடியரசுக் கட்சியே அதிகம் ஆதரித்தது. அதன் செனட் தலைவர் எவரெட் டர்க்சன் இல்லாமல் மசோதா கரையேறியிருக்காது.

ஆனால் கட்சியை மறந்துவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். உள்நாட்டுப் போரில் பிரிந்து போன 11 மாநிலங்களுக்கு 22 செனட்டர்கள். அவர்களில் ஆதரித்தவர் டெக்சாஸின் யார்பரோ ஒருவர் மட்டுமே. எஞ்சிய 21 பேரும் எதிர்த்தார்கள். அவர்களில் இருந்த ஒரே குடியரசுக் கட்சிக்காரரும் எதிர்த்தார். அன்று அமெரிக்காவைப் பிரித்த கோடு கட்சிகளுக்கு நடுவே ஓடவில்லை, வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே ஓடியது.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்ற ஒன்று அங்கே கிடையாது. உறுப்பினர் தன் தொகுதிக்குப் பயப்படுகிற அளவுக்குக் கட்சிக்குப் பயப்படுவதில்லை.

கையெழுத்திட்ட அதிபர் ஜான்சன், ஜனநாயகக் கட்சி, டெக்சாஸ்காரர். அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பாரி கோல்ட்வாட்டரை அதே ஆண்டில் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. படுதோல்வி. வென்றது ஆறு மாநிலங்கள்: சொந்த ஊரான அரிசோனா, பிறகு மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா. மிசிசிப்பியில் 87 சதவீதம்! லிங்கனின் கட்சிக்கு, அந்த மண்ணில்.

கட்சி மாறிய செனட்டர் ஒருவரோ இருவரோதானே? பிறகு "இடமாற்றம்" என்பது எப்படிப் பொருந்தும்?

பதவியில் இருந்தவர்கள் அதிகம் மாறவில்லை என்பது சரிதான். தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் மாறினார். 1948-இல் ட்ரூமனை எதிர்த்துத் தனிக்கட்சி கண்டு நான்கு மாநிலங்களை வென்றவர். 1957-இல் ஒரு சிவில் உரிமை மசோதாவைத் தடுக்க 24 மணி 18 நிமிடம் நின்றபடி பேசியவர். 1964 செப்டம்பரில் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். மற்றவர்கள் ஏன் மாறவில்லை என்று கேட்டால், குழுத் தலைவர் பதவிகள் பணிமூப்பு அடிப்படையில் கிடைத்தவை. முப்பது ஆண்டு காத்திருந்து பெற்ற நாற்காலியை எவர் விடுவார்? அவர்கள் மூப்படைந்து ஓய்வு பெறப் பெற, காலியான இடங்களுக்கு வேறு கட்சிக்காரர்கள் வந்தார்கள்.

1968-இல் நிக்சன் "சட்டம் ஒழுங்கு" என்று பேசினார். பள்ளிகளில் இனக் கலப்புக்காகப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிக்கு அனுப்புவதை எதிர்த்தார். இனத்தின் பெயரைச் சொல்லாமலே தெற்கத்திய வெள்ளையர்களுக்குப் புரியும்படி பேசிய இந்த முறைக்குத்தான் "தெற்கு வியூகம்" என்று பெயர். அப்படியும் இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் தனித்து நின்று ஐந்து தென் மாநிலங்களை எடுத்துக்கொண்டார். 1976-இல் ஜார்ஜியாவின் வேர்க்கடலை விவசாயி கார்ட்டர், வர்ஜீனியா தவிர்த்த தெற்கு முழுவதையும் ஜனநாயகக் கட்சிக்கு மீட்டுக் கொடுத்தார். பிரதிநிதிகள் சபையின் தெற்கத்திய இடங்களில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றது 1994-இல். அலபாமா சட்டமன்றம் கைமாறியதோ 2010-இல்! கோல்ட்வாட்டரிலிருந்து கணக்கிட்டால் 46 ஆண்டுகள். அதிபருக்கு ஒரு கட்சி, உள்ளூர் நீதிபதிக்கும் ஷெரிஃபுக்கும் தாத்தா காலத்துக் கட்சி என்று இரண்டு தலைமுறைகள் வாழ்ந்தன. "ஒரே ஆண்டில் மாறிவிட்டன" என்பவர்களுக்கு நான் காட்டுவது அலபாமாவைத்தான்.

இறக்குமதி வரியில் எந்தக் கட்சியின் நிலைப்பாடு எது?

தலை சுற்றும். 19-ஆம் நூற்றாண்டில் இறக்குமதி வரி என்றாலே குடியரசுக் கட்சி. வடக்கின் ஆலைகளைக் காக்க வேண்டுமே. பருத்தி ஏற்றுமதி செய்த தெற்கின் ஜனநாயகக் கட்சி வரி குறைப்பு கேட்டது. 1890-இல் அந்தக் கட்சியின் மெக்கின்லி கொண்டுவந்த வரி. 1930-இல் அதே கட்சியின் ஸ்மூட், ஹாலி இருவரின் பெயரில் வந்த வரி. "கையெழுத்திடாதீர்கள்" என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் அதிபர் ஹூவருக்கு எழுதினார்கள், இட்டார். உலக வாணிகம் சுருண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, போட்டிக்கு ஆளே இல்லாத நிலையில் அமெரிக்க முதலாளிகளுக்குத் திறந்த சந்தை இனித்தது. அவர்களோடு குடியரசுக் கட்சியும் மெல்ல அங்கே நகர்ந்தது. இறக்குமதியால் சம்மட்டியடி வாங்கத் தொடங்கிய தொழிற்சங்கங்கள் எதிர்ப்பக்கம் போயின. 1993-இல் கனடா, மெக்சிகோவுடனான நாஃப்டா ஒப்பந்தத்தை நிறைவேற்றியது ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன். ஆனால் சபையில் அதற்குக் கிடைத்த 234 வாக்குகளில் 132 குடியரசுக் கட்சியுடையவை. அவர் கட்சியில் 102 பேர் ஆதரவு, 156 பேர் எதிர்ப்பு. டிரம்ப் 2018-இலும் 2025-இலும் வரிகளை உயர்த்தியபோது குடியரசுக் கட்சி தன் பூர்வீக வீட்டுக்கே திரும்பியது. மெக்கின்லியை அவர் வாயாரப் புகழ்வது சும்மா இல்லை.

கருக்கலைப்பு எதிர்ப்பு குடியரசுக் கட்சியின் ஆதிக் கொள்கையா?

இல்லை. 1967-இல் கலிஃபோர்னியாவில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர், பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகன். 1973-இல் கருக்கலைப்பை உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத்தின் ரோ தீர்ப்பு 7-க்கு 2. ஆதரித்த ஏழு நீதிபதிகளில் ஐவர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். எதிர்த்த இருவரில் ஒருவர் கென்னடி நியமித்தவர். கத்தோலிக்கர்கள் நிறைந்த ஜனநாயகக் கட்சியில் எதிர்ப்பாளர்கள் ஏராளம். ஏழைகளுக்கான மத்திய மருத்துவ நிதியைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்ற தடையை பைடனே 2019 ஜூன் வரை ஆதரித்துவந்தார்.

1970-களின் கடைசியில் தெற்கின் சுவிசேஷ கிறிஸ்தவர்கள் அரசியலில் அணி திரண்டபோதுதான் இது கட்சி அடையாளமானது. 1980-இல் ரீகன் அவர்கள் பக்கம் நின்றார். 2022-இல் ரோ தீர்ப்பை ரத்து செய்த ஐந்து நீதிபதிகளும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள்.

கட்சித் தலைமை அறிவிக்காமல் கொள்கை எப்படி மாறும்?

நம் பழக்கத்தில் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. அங்கே பொதுச்செயலாளர் வேட்பாளர் பட்டியல் வெளியிடுவதில்லை. வேட்பாளரை உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2016-இல் குடியரசுக் கட்சியின் பெரிய தலைகள் பலரும் டிரம்பை விரும்பவில்லை. அவர் உட்கட்சித் தேர்தல்களை வென்றார், கட்சி அவருடையதாயிற்று. கூட்டம் மாறினால் கொள்கை தானாக மாறும்.

ஒரு மாநிலத்தை மட்டும் எடுத்து விளக்க முடியுமா?

மேற்கு வர்ஜீனியா. உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட மறுத்து வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து 1863-இல் உருவான மலைநாடு. நிலக்கரிச் சுரங்கமும் சுரங்கத் தொழிலாளர் சங்கமும்தான் அதன் வாழ்வு. 1921-இல் பிளேர் மலையில் சங்கம் கேட்ட தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் துப்பாக்கி ஏந்தி, சுரங்க முதலாளிகளின் ஆட்களோடு மோதினார்கள். சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தவர் ரூஸ்வெல்ட். அதன்பின் அங்கே ஜனநாயகக் கட்சி என்பது குடும்ப வழக்கமாகிவிட்டது. 1988-இல் அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் டுகாகிஸ் நாடெங்கும் தோற்றபோதுகூட அவருக்குக் கைகொடுத்த மாநிலங்களில் அது ஒன்று.

அதன் ஜனநாயகக் கட்சி செனட்டர் ராபர்ட் பைர்ட் இந்த நூற்றாண்டுக் கதையை ஓர் உடலில் சுமந்தவர். இளம் வயதில் வெள்ளையின வெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானின் உறுப்பினர். 1964 சட்டத்தை எதிர்த்து 14 மணி நேரத்துக்கும் மேல் பேசினார். பின்னாளில் இரண்டுக்காகவும் வருந்தினார். 2008-இல், தன் மாநிலத்து உட்கட்சித் தேர்தலில் ஹிலரி கிளின்டன் பெரும் வித்தியாசத்தில் வென்ற சில நாட்களிலேயே, ஒபாமாவை ஆதரித்து அறிக்கை விட்டார். 2010-இல் செனட்டராகவே இறந்தார். கடைசிவரை கட்சி மாறவில்லை. மாறியது அவருக்கு வாக்களித்த மக்கள்.

ஏன்? 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் லட்சம் பேருக்கு மேல் வேலை செய்த சுரங்கங்களில் இன்று அதில் சிறு பங்கே மிச்சம். வேலையை முதலில் தின்றது 1950-களில் வந்த இயந்திரங்கள். ஆனால் இயந்திரத்துக்கு எதிராக எவரும் வாக்களிக்க முடியாது. 2000-இல் புவி வெப்பமாதல் பற்றிப் பேசியபடி வந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்கு எதிராக வாக்களிக்க முடிந்தது. அத்தோடு துப்பாக்கி, தேவாலயம். அந்த ஆண்டு கைநழுவிய மாநிலம் திரும்பவே இல்லை. 2016-இல் ஜனநாயகக் கட்சியின் பெயரில் ஆளுநரான ஜிம் ஜஸ்டிஸ், அடுத்த ஆண்டே டிரம்பின் மேடையில் ஏறிக் கட்சி மாறினார். இன்று அவர் குடியரசுக் கட்சி செனட்டர்.

எதிர்த்திசையில் போனது வெர்மான்ட். 1856 முதல் 1960 வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்த மாநிலம். 1992 முதல் ஒவ்வொன்றிலும் ஜனநாயகக் கட்சிக்கு.

இந்தியர்கள் குடியேற வழி திறந்தது எந்தக் கட்சி?

இரண்டும். 1946-இல் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தைக் கொண்டுவந்த இருவர், கிளேர் பூத் லூஸ் குடியரசுக் கட்சி, இமானுவேல் செல்லர் ஜனநாயகக் கட்சி. கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு நூறு பேர். அதுவே அன்று பெரிய விஷயம். 1965-இல் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் நாட்டு வாரி ஒதுக்கீட்டையே நீக்கியது. எதிர்த்தவர்களில் தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினரே அதிகம். 1986-இல் ஆவணமின்றி இருந்த ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு வாழ்வுரிமை கிடைக்கச் செய்த சட்டம் ரீகனுடையது. 1990-இல் எச்-1பி விசாவை உருவாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டவர் மூத்த புஷ். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்த அதிபரும் அதே கட்சிதான். ரீகன் இன்று இருந்தால் தன் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தேறுவாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வருமான வரியைக் குறைப்பது எப்போதும் குடியரசுக் கட்சியா?

குடியரசுக் கட்சியின் ஐசனோவர் ஆட்சியில் உச்ச வரி விகிதம் 91 சதவீதம். அதை 70-க்கு இறக்கிய 1964 சட்டம் கென்னடி தொடங்கி ஜான்சன் முடித்தது. ரீகனுக்குப் பிறகே இது ஒரு கட்சியின் தனிச்சொத்தானது.

யானை, கழுதை, சிவப்பு, நீலம்?

குடியரசுக் கட்சியின் யானையையும் ஜனநாயகக் கட்சியின் கழுதையையும் பிரபலமாக்கியவர் 1870-களின் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட். நிறங்கள், அதாவது குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்பவை, நேற்று வந்தவை. 2000 தேர்தல் முடிவு வாரக்கணக்கில் இழுத்தபோது தொலைக்காட்சி வரைபடங்களிலிருந்து ஒட்டிக்கொண்டன. 1980-இல் ரீகனின் மாநிலங்களை நீலத்தில் காட்டிய தொலைக்காட்சியும் உண்டு.

இப்போதும் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறதா?

ஆம், இம்முறை கல்லூரிப் பட்டம் பிரிக்கிறது. பட்டம் பெற்ற வெள்ளையர்கள் ஒருகாலத்தில் குடியரசுக் கட்சியின் முதுகெலும்பு. கலிஃபோர்னியாவின் வசதியான ஆரஞ்சு கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) 2016-இல் ஹிலரிக்கு வாக்களித்தது. அதற்கு முன் ஜனநாயகக் கட்சி அங்கே வென்றது 1936-இல். மறுபுறம் டெக்சாஸில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுண்டி. ஏறக்குறைய எல்லாரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். எண்ணெய் வயல், பண்ணை, எல்லைக் காவல் என்று பிழைப்பவர்கள். 2016-இல் ஹிலரி அங்கே 60 சதவீதப் புள்ளி முன்னிலையில் வென்றார். எட்டே ஆண்டுகளில், 2024-இல், டிரம்ப் வென்றார். அதற்கு முன் அந்த ஊர் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்த அதிபர் தேர்தல் 1892-இல் நடந்தது.